அவள் சொன்னதும் வைத்தியர் எழுதியதும்

சிட்னிக்கு வந்த புதிதில் இங்குள்ளவர்கள் வலியைச் சொல்லும் விதம் எனக்குப் பிடிபடவில்லை. கை முறிந்து வருபவரும் "நொட் டூ பாட்" என்பார், பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல. நானோ முதல் வாரத்திலேயே, யாழ்ப்பாணத்தில் சொல்வதுபோல, தலையிடியில் உயிர் போகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். தலைமைத் தாதி பதறிப்போய் என்னைக் கதிரையில் இருத்தி இரத்த அழுத்தம் பார்த்தார். அதற்குப் பிறகு வலியைப் பாதியாக்கிச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் மேற்குச் சிட்னி மருத்துவமனை ஒன்றில் நான் தாதி. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் ஒருநாள் வைத்தியர் என்னை அழைத்தார். நோயாளி சரோஜா, மதுரைப் பெண். மடியில் கைக்குழந்தை, வயிற்றில் அடுத்தது. அதைக் கலைக்கவேண்டும் என்று வந்திருந்தாள்.

தென் ஆஸ்திரேலியாவில் இதற்கு இரண்டு வைத்தியர்கள் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டமே இருந்தது. சிட்னி இருக்கும் எங்கள் மாநிலத்தில் கருக்கலைப்பு இன்னும் குற்றந்தான். தாயின் உடலுக்கோ மனதுக்கோ பாரதூரமான ஆபத்து என்று வைத்தியர் தக்க காரணத்தோடு நம்பினால் குற்றமாகாது என ஒரு நீதிபதி சொல்லியிருந்தார், அவ்வளவுதான். நாளை பொலிஸ் வந்து கேட்டால், வைத்தியர் எழுதிவைத்த காரணந்தான் அவருக்குத் துணை.

அறைக்குள் நுழையுமுன் அவள் கணவர் ராமநாதன் என்னை மறித்தார். பொறியியலாளர்.

"சிஸ்டர், மனசு சரியில்லைன்னு மட்டும் எழுத விட்டுடாதீங்க. இமிகிரேஷன்காரன் பாத்தா எங்களத் திருப்பி அனுப்பிடுவான். உடம்பு பலவீனம்னு சொல்லிடுங்க. ஊர்ல இப்ப இதுக்குச் சட்டமே வந்தாச்சு. இங்க வந்து கெஞ்ச வேண்டியிருக்கு."

கெட்ட மனிதரல்ல. பயந்துபோயிருந்தார். "அவ சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்" என்றேன்.

எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் பயிற்சித் தாதியாக இருந்தபோது, யாரோ மறைவாகக் கருக்கலைத்துவிட்ட ஒரு பெண் விறைத்து நடுங்கிக்கொண்டு வந்தாள். வீட்டார் காய்ச்சல் என்றார்கள். நாங்களும் காய்ச்சல் என்றே எழுதினோம். விடியுமுன் இறந்துபோனாள்.

"இந்தக் குழந்தையைப் பெற்றால் உங்கள் நிலை என்னவாகும்?" என்று வைத்தியர் கேட்டார்.

"செத்தே போயிடுவேன் போல இருக்குக்கா" என்றாள் சரோஜா. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "உண்மையாகவே சொல்கிறாரா, இல்லை உங்கள் மொழியில் இப்படித்தான் பேசுவீர்களா?"

பசித்தாலும் செத்துப்போகிறேன் என்று சொல்கிறவர்கள் நாங்கள். அவள் பக்கம் திரும்பினேன்.

"தங்கச்சி, சும்மா வாயில வாற சொல்லா, இல்லாட்டி உண்மையா அப்பிடி நினைச்சனீங்களா?"

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"போன மாசம் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன்ல, இவன தள்ளுவண்டியோட சுவரோரமா நிறுத்திட்டு, பிளாட்பாரம் ஓரத்துக்குப் போயிட்டேன். ரயில் வந்துட்டிருந்துச்சு. ஒரு வெள்ளக்கார அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டாங்க. அவருக்குத் தெரியாதுக்கா."

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். வைத்தியர் நெடுநேரம் எழுதினார். குடிவரவுத் திணைக்களத்துக்கு இது போகுமா என்று கேட்டேன். கோப்பு மருத்துவமனையை விட்டு வெளியே போகாது என்றார். ஆனால் அவளைத் தனியே விடக்கூடாது, கணவருக்கு அவளே சொல்வது நல்லது என்றார்.

ராமநாதனை உள்ளே அழைத்தோம். அவள் சொன்னாள். அவர் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பிறகு என்னிடம், "என்ன எழுதணுமோ எழுதட்டும் சிஸ்டர்" என்றார்.

அந்த வாரமே எல்லாம் முடிந்தது. அவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஒரு பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். பட்டுச்சேலையில் சரோஜா நின்றாள், முகம் தெளிந்திருந்தது. பெண்களுக்கு நடுவே மதுரைத் தமிழில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனதும் பேச்சு நின்றது. "ஹலோ சிஸ்டர், ஹவ் ஆர் யூ?" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அன்று அந்த அறையில் அவளுடைய தமிழை நான் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டேன். இனி என்னோடு அதில் பேச அவளால் முடியாது. நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். மண்டபம் முழுக்கத் தமிழ் இரைந்துகொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நிய மொழியில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றோம்.