பேரரசர் பெண் பார்க்க வந்தார்

திருப்பதி மகளிர் விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழிக்கு ஆண்களைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. ஆன்லைனில் டாரட் சீட்டு பார்த்துப் பலன் சொல்லப் படித்திருந்தாள். அவள் அதுவரை ஒரு ஆணோடும் சேர்ந்தாற்போல் அரை மணி பேசியதில்லை என்பதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

எனக்கு நகரி பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. என்னைப் போலவே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, கணக்குப் பிரிவு. ஜாதகம் பொருந்திவிட்டதென்று அம்மா போனில் சொன்னாள். தோழிக்கு அது போதவில்லை. கட்டிலில் பட்டுத்துணியை விரித்து, சீட்டுகளைக் கலைத்து, ஒன்றை எடுக்கச் சொன்னாள். கல் சிம்மாசனத்தில் வெள்ளைத் தாடியோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"பேரரசர்டி," என்றாள், துக்கச் செய்தி சொல்கிற குரலில். "பின்னாடி மலையைப் பாரு. ஒரு புல்லு இருக்குதா? மனசுல ஈரமே இல்லாத ஆளு. சிம்மாசனத்துல கடா தலை வேற. புடிச்ச புடியை வுட மாட்டான்."

அடுத்த சீட்டில் ஒரு வீரன் வாளை ஓங்கியபடி குதிரையில் பாய்ந்தான்.

"மரமெல்லாம் எப்படி சாயுது பாரு. கோவம் வந்தா ஊடு தாங்காது."

மலை, மரம், காற்று எல்லாமே மாப்பிள்ளைக்கெதிராகச் சாட்சி சொல்லிவிட்டதால், வேண்டாமென்று சொல்லிவிடும் முடிவோடு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சந்திப்பதாக இருந்த, பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த டிபன் கடைக்குப் போனேன். பேரரசர் முன்னதாகவே வந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை எனக்காக விட்டுவைத்து, எதிரில் வியர்த்துக்கொண்டிருந்தார். பெசரட்டு தோசை கேட்டார். தீர்ந்துவிட்டது என்றார் சர்வர். "பர்வாலேது அண்ணா, பரவால்ல," என்றார் இவர், ஏதோ தானே அத்தனையையும் தின்று தீர்த்தவர் போல. வந்த இட்லிக்குச் சட்னி போதவில்லை. கையைத் தூக்கினார். சர்வர் திரும்பிப் பார்த்ததும் தலையைத் தடவிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டு விஷயத்தைச் சொல்லி, போனில் எடுத்துவைத்திருந்த பேரரசர் சீட்டின் படத்தையும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"அங்கிக்குள்ள இரும்புச் சட்டை போட்டுக்கினு உக்காந்துகிறாரே. சொந்த அரண்மனையில எதுக்கு?"

"வீரம்னு அர்த்தமாம்."

"பயம்ங்க," என்றார். "நானும் பயந்துக்கினுதான் வந்தேன். போன தபா பார்த்த பொண்ணு, நீங்க பேசவே மாட்டீங்களான்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வேண்டாமென்று சொல்ல வந்த நான், சர்வரைக் கூப்பிட்டு அவருக்குச் சட்னி கேட்டேன்.

திருமணம் புத்தூரில் நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தோழி சீட்டுகளை விட்டுக்கொடுக்கவில்லை. "உள்ளுக்குள்ள பேரரசர்தான்டி. நீதான் வெளிய கொண்டாரணும்," என்றாள்.

கொண்டுவரத்தான் பார்த்தேன். மாடிவீட்டுக்காரர் தினமும் எங்கள் வாசலை அடைத்து பைக்கை நிறுத்தினார். போய்க் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று இவரை அனுப்பினேன். போனவர் அரை மணி கழித்து இறங்கி வந்தார். பைக் அங்கேயே நின்றது. கையில் அந்த வீட்டம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாய் இருந்தது.

"அவங்களுக்கும் நிறுத்த எடம் இல்லையாம், பாவம்," என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு நானே மேலே போனேன்.