சகுந்தலா கொடுத்த தண்ணீர்

சகுந்தலா இறந்துவிட்டாள் என்று உத்திரமேரூரிலிருந்து ட்ரங்க் கால் வந்தபோது, அவள் கலந்து வைத்திருந்த சாயக் கரைசலைத்தான் காமா கதிரில் வைக்க எடுத்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் போட்டுவிட்டுப் போயிருந்தால் அவளே எழுந்து வந்து திட்டியிருப்பாள்.

ஆய்வுக்கூட நண்பர்களே, சாவு வீட்டு வாசலிலேயே பேச்சு தொடங்கிவிட்டது, கதிர்தான் அவளைக் கொண்டுபோனது என்று. பொய். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்திருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதே டாக்டர் சொன்னது அது.

அவள் அப்பா பட்டு நெய்பவர். தண்ணீரில் கரைத்த சாயம் கதிர் பட்டால் ஏன் வெளுக்கிறது என்பது மகளுடைய ஆராய்ச்சி. "சாயம் போவக் கூடாதுன்னு நாங்க உயிர வுடறோம். இவ அதப் போக்கிக்கினு சம்பளம் வாங்கறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாக அலுத்துக்கொள்வார். அவள் விடமாட்டாள். "கதிர் சாயத்தத் தேடிப்போயி அடிக்கறதில்லப்பா. மொதல்ல தண்ணிதான் ஒடையுது. அந்தத் துண்டுங்கதான் சாயத்தக் கடிச்சித் தின்னுது." கதிரை நிறுத்தினால் துண்டுகளும் மறைந்துவிடும், தண்ணீரில் கதிர் தங்காது என்றும் சொல்வாள். அப்பாவுக்குப் புரிந்தது. ஊருக்குப் புரியவில்லை.

மானாம்பதியிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மாப்பிள்ளையின் மாமா கையை நீட்டவில்லை. பெண் வேலையை விடட்டும், உடம்பிலிருந்து கதிர் இறங்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார். அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. சகுந்தலா குரலை உயர்த்தவில்லை.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தேன். குடிக்கறதும் குடிக்காததும் உங்க இஷ்டம். வேலைய வுடறதா இல்லீங்க."

அந்தச் சொம்பைத் தானே அண்ணாந்து குடித்துவிட்டு உள்ளே போனாள். அந்த வரன் போயிற்று. பிறகு வந்தவர்களும் அதே பேச்சைப் பேசிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை வழக்கமான பஸ்ஸில் வேலைக்கு வந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. அவளுக்கோ கதிரில் வைக்குமுன் கரைசலிலிருந்து ஆக்ஸிஜன் முழுக்க வெளியேறியதா என்பதுதான் கவலை.

சாவு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது வழக்கம். அவள் வீட்டுத் தண்ணீரில் கதிர் இருக்கும் என்று பயந்தவர்களுக்கு அன்று அந்த வழக்கம் சௌகரியமாகப் போய்விட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறியருகே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "அவ சொம்புல தண்ணி குடுங்கப்பா" என்றேன். தயங்கினார். பிறகு எழுந்து மொண்டு வந்தார். அத்தனை பேர் பார்க்க அண்ணாந்து குடித்தேன். மிச்சத்தை அவர் குடித்தார்.

கதிரில் வைத்த கரைசலை நான் முடிப்பேன். அந்தப் பிடிவாதம் அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வரும்.