கை நனைக்காத விருந்து

என் கையெழுத்தைப் படிப்பது சிரமம். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையனின் அப்பாவுக்கும் பூர்வீகம் எங்கள் திருவிடைமருதூர்ப் பக்கம்தான். சென்னையிலேயே தங்கிவிட்டவர். பிரேசில் நாட்டு முறையில் கறி சுட்டுப் போடும் பெரிய ஹோட்டலுக்கு எங்களை அழைத்திருந்தார். அறுவடை நேரம் என்பதால் மனைவி வரவில்லை.

ஆட்டோவில் மகள் சொன்னாள், "நான் அந்தப் பையன்கிட்ட தனியா பேசிட்டுச் சொல்றேன்ப்பா. அதுவரைக்கும் கை நனைச்சிடாதீங்க."

சம்பந்தம் முடிவாகும் முன்பு மாப்பிள்ளை வீட்டார் போடும் சாப்பாட்டில் கை வைத்துவிட்டால், பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பின்வாங்கினால் பேச்சு பெண்மேல்தான் வரும்.

பையனும் மகளும் ஜன்னலோரம் வேறு மேசைக்குப் போனார்கள். நீளக் கம்பியில் குத்திய கறியோடு ஒருவர் வந்து, கத்தியால் சீவி என் தட்டில் போட்டார். அவர் நகர்ந்ததும் இன்னொருவர். மேசையில் எங்கள் முன்னால் ஆளுக்கொரு அட்டை வைத்திருந்தார்கள். பச்சைப் பக்கம் மேலே இருந்தால் கொண்டுவந்துகொண்டே இருப்பார்களாம், சிவப்பு என்றால் நிறுத்துவார்களாம். நான் சிவப்புப் பக்கத்தை மேலே திருப்பி வைத்தேன். பையனின் அப்பா சிரித்துக்கொண்டே மறுபடி பச்சையாக்கினார்.

"என்ன சம்பந்தி, ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள சிவப்புக்கொடி காட்டறீங்க?"

சம்பந்தி என்று கேட்டதும் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

"மாட்டுக்கறின்னு பயப்படாதீங்க. கோழியும் ஆடும்தான். சொல்லி வச்சிருக்கேன்."

"இன்னிக்கு விரதங்க" என்று பொய் சொன்னேன்.

"அப்படியா? தம்பி, அந்த அன்னாசிப்பழத்தக் கொண்டாங்க!"

பட்டைத்தூள் மணக்க, சுட்ட அன்னாசி வந்து விழுந்தது. விரதத்துக்குப் பழம் ஆகும். வேறு சாக்கு எனக்குத் தோன்றவில்லை. மகள் பக்கம் பார்த்தேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ஒரு துண்டு. எனக்காக."

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவன் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் யாராவது முண்டியடித்தால்கூட ஒதுங்கி வழிவிடுவேன். இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்.

"எம் பொண்ணு இன்னும் சொல்லலீங்க. அது சொல்ற வரைக்கும் நான் கை நனைக்க மாட்டேன்."

அவர் முகம் இறுகியது. "ஹோட்டல் சாப்பாட்டுக்கு எதுக்குங்க அந்தக் கணக்கு?"

"கூப்பிட்டுப் போடறது நீங்கதானேங்க."

"பொண்ணு வாயப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற அப்பாவ இப்பத்தான் பார்க்கறேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தெல்லாம் வியர்த்தது. ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை.

பையனும் மகளும் எழுந்து வந்தார்கள். பையன்தான் பேசினான்.

"அவர வற்புறுத்தாதீங்கப்பா. அவர் பொண்ணுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்ல. எங்கிட்ட மரியாதையாத்தான் சொன்னாங்க."

நான் எழுந்திருக்க நாற்காலியை நகர்த்திவிட்டவனும் அவன்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்ததும் மகள், "ஏன்னு கேக்கலையாப்பா?" என்றாள்.

"நீயா சொன்னா கேட்டுக்கறேன்."

இன்றுவரை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்தது பங்குனி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.