கத்தரிக்கோல் காணாமல் போன வாரம்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கிள்ளானில் துணிக்கடைக்காரர் "பியூர் காட்டன்மா" என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடை வாசலுக்கு வந்து, தீக்குச்சி கிழித்துக் கொளுத்திப் பார்ப்பேன். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டையாகக் கட்டிக்கொண்டால் ஆள் புளுகுகிறார். இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் அவரே தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.

ரெடிமேட் உடுப்பு எனக்கு ஒருநாளும் ஒத்து வந்ததில்லை. தோள் சரியாக இருந்தால் கை இறுக்கும். கை சரியாக இருந்தால் தோள் வழியும். நாற்பத்திரண்டு வயதில், ஒரு பேரங்காடியின் உடைமாற்றும் அறையில், சட்டைக்குள் மாட்டிக்கொண்ட கையை வெளியே எடுக்க முடியாமல் நின்றபோது, போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. இனி என் அலமாரியில் தொங்குவது எல்லாம் நானே தைத்ததாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தால் சும்மா இருப்பேனா? டிவி வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிச் சுவரில் சாய்த்து, அதில் துணி மாதிரிகளைக் குத்தினேன். மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம், கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, செங்கல் சிவப்பு. எந்த மேலாடையை எடுத்தாலும் எந்தப் பாவாடையோடும் எந்தக் கால்சட்டையோடும் சேர வேண்டும். அதற்காக மஞ்சளைக் கழற்றி நீலத்துக்குப் பக்கத்தில் குத்துவேன். பிடிக்காது. திரும்பக் கழற்றுவேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றும் கேட்காது. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. என் அம்மா ஒன்றும் கேட்காத பிறவி இல்லை.

அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறது. கோலா சிலாங்கூர் டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தாமானில் எங்கள் வீடு. நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஒரே அண்ணன். செரண்டாவில் தொழிற்சாலை வேலை, மனைவி, பிள்ளைகள் என்று இருக்கிறான்.

சனிக்கிழமைகளில் பக்கத்து மலாய்க் கம்பத்தில், ஊர்ப் பொது மண்டபத்தில் தையல் வகுப்பு. சொல்லிக்கொடுப்பது ஒரு மலாய்க்கார அம்மா. நாங்கள் எல்லோரும் சிகு, அதாவது டீச்சர், என்று கூப்பிடுவோம். சிகுவுக்கு ஒரு பிடிவாதம். பேட்டர்ன் தாளில் இருக்கும் குறிகள், அதாவது மடிப்பு எங்கே, பொத்தான் எங்கே, கை எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம், முதலில் துணிக்கு ஏற வேண்டும். அடியில் கார்பன் தாளை வைத்து, பல்லுள்ள ஒரு சின்னச் சக்கரத்தைத் தாள்மேல் உருட்டி அதைச் செய்ய வேண்டும். அது முடியாமல் யாரும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. வீட்டில் ஒழுங்காகச் செய்கிறோமா என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருப்பார். என் கை இரண்டும் தாளை அமுக்கிக்கொண்டிருக்கும். அதனால் போனைத் தரையில் வைத்து, சத்தமாகப் போட்டுக் கேட்பேன். தரையைப் பார்த்தபடியே பதிலும் சொல்வேன்.

புதுத்துணியை வெட்டுவதற்கு முன்பு துவைத்துக் காயப்போட வேண்டும், சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்க. வேலியில் ஐந்து நிறங்களும் ஆடியதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"என்னா தங்கச்சி, கலர் கலரா காயுது? மாப்ள யாரு?"

"துணிதான் காயுது, மாப்ள இன்னும் கடையில இருக்கான்" என்றேன்.

அக்கா சிரித்தார். வாசலில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. முகம் சுண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா கேட்ட கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தன. "இதெல்லாம் எப்ப தைச்சி முடியும்?" என்று ஒரு நாள். "முடிஞ்சப்ப முடியும்" என்றேன். மறுநாள் சோறு போட்டுக்கொண்டே, "அங்க பஸ் வசதியெல்லாம் இருக்குமா?" என்றது.

"எங்கம்மா?"

"சும்மா கேட்டேன் லா."

சும்மாவா? எழுபது வயசுக்கு மேல் யார் சும்மா பஸ்ஸைப் பற்றிக் கேட்பார்கள்? அம்மாவுக்குக் கண்தான் மங்கல், காது பாம்புச் செவி. மறதியா, மூளையில் ஏதாவது கோளாறா என்றுகூட நினைத்தேன். ஆனால் சீரியலில் போன வாரம் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பதை வரிசை தப்பாமல் சொல்லியது. அப்படியானால் மூளை நன்றாக இருக்கிறது, விஷயம்தான் வேறு.

ஒரு நாள் குளித்துவிட்டு வெளியே வந்தால், அம்மா அடுக்களையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறது. என்னைக் கண்டதும், "சரிப்பா, சரிப்பா, நீ வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டது. "அண்ணனா?" என்றேன். "ம்" என்றது. அண்ணனிடம் பேசினால் எப்போதும் பேரப்பிள்ளைகளின் கதையைச் சாயங்காலம் வரை சொல்லும். அன்று அந்த ஒரு "ம்"மோடு சரி.

அன்றைக்கே அண்ணன் எனக்குப் போன் போட்டான். என் பிறந்தநாளுக்குக்கூட இரண்டு நாள் கழித்துப் போன் போடுகிறவன் அவன்.

"என்னா பாப்பா, புதுசு புதுசா துணி தைக்கிறியாமே? விசேஷமா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் என் உடுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். "ஆமா, விசேஷந்தான். உனக்குச் சொல்லாம செய்வேனா? சொல்றேன்" என்று வெடுக்கென்று சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் கேள்வி, ரகசியப் போன், அண்ணனின் திடீர்ப் பாசம். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகத் திட்டம் போடுகிறது. செரண்டாவில் பஸ் வசதி எப்படி என்றுதான் கேட்டிருக்கிறது. என்னிடம் சொல்லப் பயந்து, அவனை விட்டு ஆழம் பார்க்கச் சொல்லியிருக்கிறது. இத்தனை வருஷம் நான் வைத்துப் பார்த்தேன். மருந்துக்கு, கோயிலுக்கு, கண் டாக்டருக்கு என்று நான்தான் அழைத்துப் போனேன். கடைசியில் மகன் வீடுதான் வீடா? அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன், வெட்கம் கெட்டுப்போய். யாரோ கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன்.

வீட்டில் அம்மாவிடம் மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை. அம்மாவும் என்னிடம் பேசவில்லை. நான் பாட்டுக்குச் சக்கரத்தை உருட்டினேன். மஞ்சள் துணியில் குறிகள் எல்லாம் ஏறி முடிந்தன. சரி, வெட்டலாம் என்று எழுந்தால் கத்தரிக்கோலைக் காணோம்.

அது சாதாரணக் கத்தரி இல்லை. துணிக்கென்றே வாங்கிய நீளமான எஃகுக் கத்தரி. அதில் ஒரு தாளைக்கூட வெட்ட விடமாட்டேன், கூர் மழுங்கிவிடும். மேசை, பெட்டி, சோபாவின் அடி, ஒன்று விடவில்லை. முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு அக்கா மேல் போனது, கறிவேப்பிலை வெட்ட எடுத்துப் போயிருப்பாரோ என்று. கேட்கப் போய், அவர் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம். திரும்பி வந்து, "அம்மா, கத்தரியப் பாத்தியா?" என்றேன்.

"எந்தக் கத்தரி?" என்றது அம்மா. வீட்டில் இருப்பதே ஒரு கத்தரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அதன் அறைக்குள் போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பை. உள்ளே மடித்த சேலைகள், மருந்து டப்பா, அப்பாவின் போட்டோ, முருகன் படம். எல்லாவற்றுக்கும் கீழே, துண்டில் சுற்றி, என் கத்தரிக்கோல்.

பையோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். "போறதுன்னா போ. சொல்லிட்டுப் போனா நான் புடிச்சா வைக்கப்போறேன்? என் கத்தரி எதுக்கு உனக்கு?" என்று கத்தினேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அம்மா வாளியைக் கீழே வைத்தது. "நான் எங்க போறேன்? போறது நீ. தைச்சி முடிச்சாத்தானே போவே? கத்தரி இல்லன்னா கொஞ்ச நாளு தள்ளிப்போவும்னு எடுத்து வச்சேன்."

"நான் எங்கம்மா போறேன்? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்குக் காது கேக்கல? அந்தச் சிகு போன்ல கேக்குது, 'சுடா பிண்டா?'ன்னு. நீ, 'பெலும், மிங்கு டெப்பான்'ங்கறே. இன்னும் இல்ல, அடுத்த வாரம்னுதானே அர்த்தம்? எனக்கு மலாய் தெரியாதுன்னு நெனச்சியா? அப்புறம் அது சொல்லுது, பிண்டா முடிச்சிட்டுப் பொத்தோங்கு. என்னத்தடி வெட்டி வுடப்போறீங்க?"

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது.

குறிகளைத் தாளிலிருந்து துணிக்கு மாற்றுவதற்குச் சிகு சொல்லும் வார்த்தை பிண்டா. மாற்றியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் என்று நான் சொல்லியிருக்கிறேன். மாற்றிவிட்டு வெட்டு என்று சொல்லியிருக்கிறார். தையல்காரிகளின் மலாய் அது. ஆனால் இடம் மாறுவதற்கும் மலாயில் அதே சொல்தான், அம்மாவுக்கு அது தையலில் வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் வேலை செய்த எஸ்டேட் தோட்டத்தை விற்றபோது, குமாஸ்தா கிராணி தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாக வந்து சொன்ன சொல் அது. எப்போது பிண்டா, எங்கே பிண்டா, யார் யார் பிண்டா என்று அந்த வருஷம் முழுக்க அதே பேச்சு. வீடு மாறுகிறோம் என்றால் நாமாகப் போவது. பிண்டா என்றால் போகச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தான். வகுப்பில் அத்தனை தடவை கேட்டும் எனக்கு அது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். மஞ்சள் துணியை விரித்து, சக்கரத்தை உருட்டி, கார்பனைத் தூக்கிக் காட்டினேன். துணியில் நீலப் புள்ளிகள் வரிசையாக விழுந்திருந்தன. "இதான்மா பிண்டா. இந்தப் புள்ளி அங்கேருந்து இங்க பிண்டா ஆவுது. நான் எங்கயும் பிண்டா ஆவல."

அம்மா கண்ணைத் துணிக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தது. "இதுக்கா?" என்றது. "இந்தப் புள்ளிக்கா?" இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு தெற்கே ஜொகூருக்கே போகப்போகிறேன், என்னைப் பார்க்க வர அங்கே பஸ் இருக்குமா என்றுவரை நினைத்துவிட்டதாம்.

"கூறு கெட்ட அம்மா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா?"

"உன்கிட்ட எப்படிக் கேக்கறது? நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றது. பிறகு சிரிப்பு நின்றுபோய், துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. "அண்ணன்கிட்டதான் கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"பாப்பா போவப்போறா, நான் உன் வீட்டுக்கு வந்துரட்டுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"எடம் இல்லம்மான்னான். அது சரி, எனக்குந்தான் தெரியும், சின்ன வீடு. அப்புறம் சொன்னான், ரவாங்ல வயசானவங்கள வச்சிப் பாத்துக்கற எடம் ஒண்ணு இருக்காம். நல்லா பாத்துக்கறாங்களாம், நம்ம சாப்பாடாம், வெள்ளிக்கிழம சாமி கும்புடுவாங்களாம். எல்லாம் சொன்னான்." அம்மா துணியின் ஓரத்தை விட்டுவிட்டது. "யோசிச்சிக்கூடச் சொல்லல பாப்பா. கேட்ட ஒடனே சொன்னான். ஏற்கனவே போய்ப் பாத்து வச்சிருக்கான். அதான் பையக் கட்டி வச்சேன்."

போனை எடுத்தேன். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்காமல் விடக்கூடாது என்று இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியில் இருந்த பலத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"வேணாம். நீ எங்கயும் போகலன்னு அவன்கிட்ட சொல்லாத."

"ஏன்?"

"நான் என்ன ஆனேன், எங்க போனேன்னு அவனா கேக்கறானா பாப்போம்."

சரி என்றேன். போனைக் கீழே வைத்தேன்.

மஞ்சளை வெட்டினேன். அடுத்து மயில்கழுத்து, பிறகு பச்சை. தோள் சரியாக உட்கார்ந்தது, கையும் இறுக்கவில்லை. சிகு வகுப்பில் என் சட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். மிச்சத் துணியில் அம்மாவுக்கும் இரண்டு ரவிக்கை ஆயிற்று. பேசப் பேச அம்மாவின் கண் போன் இருக்கும் பக்கம் போய் வரும். நான் பார்க்காத மாதிரி ஊசியில் நூல் கோப்பேன். அட்டையில் குத்தியிருந்த மாதிரிகள் எல்லாம் இப்போது அலமாரியில் உடுப்பாகத் தொங்குகின்றன. அண்ணன் இன்னும் கேட்கவில்லை.