பன்னிரண்டாவது மாணவன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஒரு போதகன். செத்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று முப்பது வருடமாகப் பிரசங்க மேடையில் நின்று சொல்லி வருகிறேன். எங்கள் சபையின் போதனை அது. ஆனால் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் நாக்கு ஒரு நொடி தடுமாறும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் ஒன்றில் இந்தக் கண்ணால் பார்த்ததுதான் காரணம். அதுவும் இருட்டுவதற்கு முன்பே, நாற்பது பேர் கூடியிருந்த இடத்தில்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஜெர்மன் நாடுகளில் கையளவு நிலம் வைத்திருந்த பிரபுவுக்குக்கூடத் தனக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று ஆசை வந்திருந்த காலம். பக்கத்துப் பிரபு திறந்துவிட்டான், நான் மட்டும் இளைத்தவனா என்கிற கௌரவப் பிரச்சினைதான், வேறென்ன. எங்கள் பிரபுவும், துறவிகள் காலி செய்துவிட்டுப் போன ஆற்றங்கரை மடம் ஒன்றைப் பல்கலைக்கழகமாக மாற்றினார். ஆனால் ஆள் மகா கஞ்சம். மிக்கேல் திருநாள் மாலை மணி அடிப்பதற்குள் பன்னிரண்டு மாணவர்கள் சேர்ந்திருந்தால்தான் மடத்து நிலங்களின் வருமானத்தை எழுதித் தருவேன் என்று நிபந்தனை போட்டார். ஒருவன் குறைந்தாலும் கட்டடம் குதிரை லாயம். லாயக்காரன் ஏற்கனவே வந்து அளந்துவிட்டும் போயிருந்தான்.

நாங்கள் பதினோரு பேர் இருந்தோம்.

என் அப்பா நெசவாளி. வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தை நாங்கள் கனவிலும் நினைக்க முடியாது. இங்கேதான் ஏழைப் பையன்களுக்குச் சோறும் படுக்கையும் இலவசம். இதையும் மூடிவிட்டால் நான் ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார வேண்டியதுதான்.

பன்னிரண்டாவதாக வர வேண்டியவன் வால்டின். என் ஊர்க்காரன், கசாப்புக்காரர் மகன். லத்தீன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவன் அப்பா அவனைக் கடையை விட்டு நகர விடவில்லை. நான் கிளம்பிய வியாழக்கிழமை காலையில், கையில் ரத்தக்கறையோடு வேலிவரை ஓடி வந்தான்.

"யோப்ஸ்ட், என் எடத்தப் பிடிச்சு வை."

"உங்கப்பா விடணுமேடா."

"அவரு கெடக்காரு. நான் எப்படியும் வந்துடுவேன்."

அந்த நம்பிக்கையில்தான் ரெக்டரிடம், அதாவது பல்கலைக்கழகத் தலைவரிடம், "இன்னொருத்தன் வர்றான் ஐயா" என்று சொல்லி வைத்திருந்தேன். ரெக்டர் பாவம், ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் புதிதாக வருபவனை மனிதனாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவன் கொம்பு முளைத்த காட்டு மிருகம். தலையில் கொம்பு வைத்த தொப்பி, வாயில் காட்டுப்பன்றிப் பல். கோடாலியால் கொம்பைத் தட்டி விழவைப்பார்கள். மர இழைப்புளியால் முதுகைச் சீவுவார்கள். குறடால் பன்றிப் பல்லைப் பிடுங்குவார்கள். கடைசியில் நாக்கில் உப்பு, தலையில் திராட்சை ரசம். அதன் பிறகுதான் மனிதன், அதாவது மாணவன்.

இதை நடத்தி வைப்பவர் கிறிஸ்பின். குடியும் கிண்டலுமான ஆள், ஆனால் தொழிலில் சுத்தம். திங்கட்கிழமை காலையில்தான் பிரபுவின் வேட்டைக்காரன் பன்றிப் பற்களைக் கொண்டுவந்து போட்டான். அன்று சாயங்காலம் கிறிஸ்பின் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, தன் மனைவியின் பழைய சிவப்புக் காலுறை ஒன்றைப் பிரித்து, அந்த நூலால் பற்களை ஜோடி ஜோடியாகக் கட்டினார். பன்னிரண்டு ஜோடி.

"காலுறை நாத்தம் போகாதுடா. மிருகங்களுக்கு என்ன தெரியப் போவுது" என்று சிரித்தார்.

மறுநாள் செவ்வாய், மிக்கேல் திருநாள். மதியம் மூன்று மணிக்குச் சடங்கு தொடங்கியது. பழைய சாப்பாட்டுக் கூடத்தில் பதினோரு பேர் கொம்போடும் பல்லோடும் வரிசையாக உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஒரு இடம் காலி. அதில் ஒரு கொம்புத் தொப்பியும் ஒரு ஜோடிப் பல்லும் மட்டும் கிடந்தன. எதிரே பிரபுவின் அதிகாரி, மடியில் முத்திரை வைத்த பத்திரத்தோடு கொட்டாவி விட்டார். ஊர்ப் பெரியவர்கள் சுவரோரம் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒவ்வொருவராக முடிந்தது. கடைசியாக நான். என் தலையில் ரசத்தை ஊற்றியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அதிகாரி எழுந்தார். பத்திரத்தை மடித்து உறையில் போட்டார். ரெக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் தோட்டத்துப் பக்கக் கதவு திறந்தது.

வால்டின்.

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கிறிஸ்பின் ஒரு நொடியும் வீணாக்காமல் அவனை இழுத்து உட்கார வைத்து, தொப்பியை மாட்டி, பல்லை வாயில் செருகினார். அவனைப் பேசவே விடவில்லை.

"ஏண்டா இவ்வளவு லேட்டு" என்று கிசுகிசுத்தேன். அவன் திரும்பவில்லை.

நனைந்திருந்தான். ஒரு வாரமாக மழையே இல்லை. ஆற்றோரமாக ஓடிவந்து வழுக்கி விழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. தோட்டத்துப் பக்கம் ஆற்றைத் தவிர வேறு வழி கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிறிஸ்பின் கோடாலியை ஓங்கினார். கொம்பு விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

பெரிய மரச் சீப்பை எடுத்து அவன் தலையை வாரினார். சீப்போடு பச்சையாக ஏதோ நீளமாக வந்தது. ஆற்றுப்பாசி.

"குளிச்சுட்டு வாடான்னா, குளத்தையே கொண்டாந்திருக்கான் பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இழைப்புளியை முதுகில் வைத்து இழுத்தார். என் முதுகில் இழுத்தபோது சரக் சரக் என்று கேட்டது. அவன் முதுகில் சத்தமே இல்லை. ஈரமாவில் கை வைத்ததுபோல... ஒன்றுமே இல்லை.

கிறிஸ்பின் சிரிப்பதை நிறுத்தினார்.

குறடால் பல்லைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கழுத்து முழுதும் குறடோடு முன்னால் வந்தது. வாய் திறக்கவில்லை.

"விடுடா" என்றார் மெதுவாக. "விட்டுடு தம்பி..."

அவர் ஒருவனைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அதிகாரி வாசலைப் பார்த்தார். ரெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும் கிறிஸ்பின், ஊத்தும்" என்றார்.

கிறிஸ்பின் உப்பை அவன் உதட்டில் தடவினார்.

ரசத்தைத் தலையில் ஊற்றினார். சிவப்பு ரசம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கன்னத்தில் வழிந்தபோது அது வெறும் தண்ணீர்.

மாலை மணி அடித்தது.

"பன்னிரண்டு" என்றார் அதிகாரி. பத்திரம் கை மாறியது. கூடமே ஆரவாரம் செய்தது.

வால்டின் என்னைப் பார்த்தான். கண் இமைக்கவில்லை. கையை நீட்டி என் கையைப் பிடித்தான்...

பனிக்கட்டி.

நான் கையை உதறினேன். அடுத்து நிமிர்ந்து பார்த்தபோது என் பக்கத்தில் இடம் காலி. வாயில் இருந்த பற்களோடு போயிருந்தான். தோட்டத்துக் கதவு திறந்து கிடந்தது. அவன் உட்கார்ந்திருந்த பலகையில் ஈரம். அன்றிரவு சாப்பாட்டில் பன்னிரண்டாவது கிண்ணத்துச் சூப்பு ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. அந்தப் பலகை வெயிலில் போட்டும் மூன்று நாள் காயவில்லை.

வெள்ளிக்கிழமை வால்டினின் அப்பா வந்தார். இரண்டு நாள் நடந்து வந்த களைப்பு. ரெக்டர் அறையில் நானும் கிறிஸ்பினும் இருந்தோம். அந்தப் பெரிய உடம்பு நாற்காலி நுனியில் குறுகி உட்கார்ந்திருந்தது.

"நான்தான் பூட்டி வெச்சேன்" என்றார். "ராத்திரி சன்னலை உடைச்சுக்கிட்டு ஓடிட்டான். ஓடக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான், எனக்குப் பயந்துக்கிட்டு. இவனே ஓடத்த அவுத்துக்கிட்டுப் போயிருக்கான்... போன சனிக்கிழமை காலையில ஓடத்துக் கயித்துல சிக்கிச் செத்துக் கெடந்தான். அன்னிக்கே பொதைச்சுட்டோம்."

சனிக்கிழமை.

ரெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. அவனுக்குப் பிடிச்சு வெச்ச எடத்த என்ன பண்ணீங்க? ஒருவேளை அவன் வந்திருந்தா, சேர்த்திருப்பீங்களா? கசாப்புக்காரன் மவன்னு தொரத்தியிருக்க மாட்டீங்களே?"

"சேர்த்துட்டோம் மாமா" என்றேன். "வால்டின் இங்க மாணவன்தான்."

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். தலையாட்டிக்கொண்டே அழுதார். பிறகு இடுப்புப் பையை அவிழ்த்தார்.

"ஊருல ஒருத்தருக்கும் இது என்னன்னு புரியல. படிச்சவங்க நீங்க, பாத்துச் சொல்லுங்க. ஆத்துலருந்து எடுக்குறப்ப வாயில கடிச்சுக்கிட்டுக் கெடந்தான். பிரிச்செடுக்க மூணு பேரு வேண்டியிருந்துச்சு."

மேசைமேல் வைத்தார்.

ஒரு ஜோடிப் பன்றிப் பல். காலுறையிலிருந்து பிரித்த சிவப்பு நூலால் கட்டியிருந்தது. கிறிஸ்பின் குனிந்து முடிச்சைப் பார்த்தார். அவர் திங்கட்கிழமை போட்ட முடிச்சு.

நான் தொட்டுப் பார்த்தேன்.

நூல் இன்னும் ஈரமாக இருந்தது.