தம்பி ஊரில் மூன்று நாள்

கடையில் அவளை எல்லாரும் ஜிப்பக்கா என்பார்கள். துணி திருத்தித் தரும் கடை அது. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, கிழிந்த பாக்கெட்டை மாற்றுவது இதெல்லாம் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். ஜிப் என்றால் மட்டும் அவள் மேசைக்குத்தான் வரும். கழுத்துவரை மாட்டிக்கொண்ட ஜாக்கெட்டைக் கழற்ற முடியாமல் அப்படியே நடந்து வந்தவர்கள்கூட உண்டு. மெழுகுத் துண்டால் பல்லின்மேல் நாலு தேய்ப்புத் தேய்த்து, ஒரே இழுப்பில் திறந்து, "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள்.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் வீடு. வீட்டில் அப்பா. ஊர் முழுக்க நடந்து வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர், மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு ஜன்னலோரக் கட்டிலே கதி என்று ஆகிவிட்டார். ஒன்பது வருடம். காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, ஊட்டிவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மத்தியானம் ஓடி வந்து படுக்க வைப்பாள். ராத்திரியில் எழுந்து எழுந்து புரட்டிப் போடுவாள். ஒரே பக்கம் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். பேருந்தில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

இப்படி இருக்கிறவளுக்குத்தான் தம்பி வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்தான்.

தம்பி நல்லவன், அதை மறைப்பானேன். மாதம் இரண்டு முறை பழங்களோடு வருவான், அப்பாவின் காலை அமுக்கிவிடுவான், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கிளம்பிவிடுவான். அலுவலக வேலையாக ஒருமுறை ஐரோப்பாவில் ஒரு தலைநகரத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவன். அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி அவன் பேசாத நாள் இல்லை. அதன் உண்மையான பெயரே வீட்டில் மறந்துபோய், எல்லாருக்கும் அது 'தம்பி ஊர்' ஆகிவிட்டது.

"டிக்கெட் போட்டாச்சுக்கா. மூணு நாள். மறுக்காதே. அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றான் ஒரு நாள்.

அவள் மறுக்கவில்லை. மறுப்பாள் என்று நினைத்திருந்த தம்பிக்கே கொஞ்சம் திகைப்பு. அரண்மனைக்காகவோ ஆற்றுக்காகவோ அவள் சரி சொல்லவில்லை. விடுதி அறையில் ஒரு கட்டில் இருக்கும், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், ராத்திரி யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது அந்தத் தூக்கம். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. தூங்குவதற்காக யாராவது விமானம் ஏறுவார்களா?

அடுத்த வாரமே தம்பி அந்த ஊரின் வரைபடத்தைக் கொண்டு வந்து அப்பாவின் போர்வைமேல் விரித்தான்.

"முதல் நாள் காலைல அரண்மனை. அங்கேருந்து நடந்தே பெரிய தேவாலயம். கோபுரத்துல ஏறாம வந்துடாதே, படி கொஞ்சம் ஜாஸ்திதான். இறங்கினதும் ஆத்துல போட். சாயங்காலம் மியூசியம். மறுநாள் விடியறதுக்குள்ள எழுந்து மலைக்குப் போயிடணும், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி."

"நடுவுல உக்கார எங்கயாவது இடம் உண்டா?"

"உக்காரவாக்கா அவ்வளவு தூரம் போறே?"

அவள் பேச்சை மாற்றி, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தாள். மாத்திரை, துணி, தலையணையை எங்கே முட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொன்றாக.

"தூக்கறப்ப ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவோம். ஆனா அப்பா ரெண்டுலயே எழும்பிடுவாரு. நீ அதுக்குள்ள தயாரா இருக்கணும்."

"நான் ரெண்டு பிள்ளைய வளத்தவன்க்கா."

"பிள்ளைங்க எடை என்ன, இவரு எடை என்ன?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அப்பா, வரைபடத்துக்கு அடியிலிருந்து.

தம்பி போன பிறகு, "மனசு வராமப் போறியா?" என்று அவரே கேட்டார். இல்லை என்றாள். "போ, போ. நீ இல்லேன்னா எனக்கும் மூணு நாள் லீவுதான். சதா துடைச்சிக்கிட்டே இருக்கே." அவள் சிரித்துவிட்டாள். அவரும் சலித்துப்போயிருப்பார் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இருந்தாலும் அவளுக்குத் தம்பிமேல் நம்பிக்கை இல்லை. பெரிதாகப் பேசுகிறவன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டால் அவளுடைய மூன்று நாள் போச்சு. அதனால் ஒத்திகை பார்க்கச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் அப்பாவோடு இருக்க வேண்டும், அவள் வீட்டில் இருக்கக் கூடாது. தம்பி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். "அப்படியே புது ஷூவைப் போட்டு நடந்து பழகு" என்று அதிலும் ஒரு வேலை வைத்தான்.

அந்த ஞாயிறு காலை ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவளுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியவில்லை. கடை மூடியிருந்தது. பழக்கப்பட்ட பாதை அது ஒன்றுதான். தெருமுனையில் வந்து நின்ற பேருந்தில் ஏறி, பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஒரு பாலம் வந்தது. அதற்கப்புறம் என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"அம்மா, கடைசி ஸ்டாப்" என்று ஓட்டுநர் தோளருகே நின்று எழுப்பினார். "எங்க போகணும் நீங்க?"

"எங்கயும் இல்ல. இந்த பஸ் திரும்பிப் போகுமா?"

"போகும்."

"அப்ப இதுலயே இருந்துக்கறேன்."

திரும்பி வரும்போதும் தூங்கினாள். தன் தெருவைத் தாண்டிப் போய், இன்னொரு முறை முழுச் சுற்றும் வந்தாள். ஓட்டுநர் பிறகு எழுப்பவே இல்லை. நல்ல மனிதர். சாயங்காலம் இறங்கியபோது கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் பதிந்திருந்தது, ஷூ அழுக்கே ஆகவில்லை.

சாவி போட்டுக் கதவைத் திறந்தால், முழங்கைவரை சட்டைக்கையைச் சுருட்டிவிட்ட ஒரு பெண் எதிரே நின்றாள்.

"யாரும்மா வேணும்?"

"நான் இந்த வீட்டு ஆளுதான்" என்றாள் அக்கா. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறவள், அன்று ஷூவோடு உள்ளே ஓடினாள்.

அப்பா கட்டிலில் பக்கவாட்டில் சாய்ந்து, தலையணை சரியான இடத்தில் முட்டுக்கொடுத்திருக்க, ஜம்மென்று இருந்தார். சோபாவில்தான் நோயாளி கிடந்தான்: தம்பி, இடுப்புக்கடியில் வெந்நீர்ப் பையோடு.

"ரெண்டுலயே எழும்பிட்டேன்" என்று அப்பா குஷியாக ஆரம்பித்தார். "இவன் மூணு வரட்டும்னு நின்னுக்கிட்டிருந்தான். ரெண்டு பேரும் தரையில. சாப்பாட்டு நேரம் வரைக்கும் கட்டில் கால்ல சாஞ்சுக்கிட்டு பிஸ்கட் தின்னோம்."

"இடுப்பு பிடிச்சிக்கிச்சுக்கா. அசைய முடியல" என்றான் தம்பி. "நர்ஸ் அனுப்பற ஆபீசுக்கு போன் பண்ணி ஆள் வரச் சொன்னேன். இவங்க வந்துதான் எங்க ரெண்டு பேரையும் தூக்கினாங்க. நீ கவலைப்படாதே. நீ போற மூணு நாளும் ராத்திரி பகல் இவங்களே இருப்பாங்க. பேசி முடிச்சிட்டேன்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பயணம் நிற்கவில்லை, தூக்கம் பறிபோகவில்லை. அந்தப் பெண் வந்து, "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்று சொல்லி, அப்பாவை இரண்டு கையால் அலுங்காமல் மறுபக்கம் புரட்டினாள். அப்பா சமர்த்தாகப் புரண்டார். அக்கா ஓரமாக நின்று பார்த்தாள்.

"இவங்களை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? ஒரு போன்தான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு போன்" என்றாள். "தரையில உக்காந்திருந்த கொஞ்ச நேரத்துல உனக்கு ஆள் வேணும்னு தோணிச்சு. ஒன்பது வருஷமா நான் தூக்கறேன். எனக்கு ஒரு ஆள் வேணும்னு ஏண்டா தோணல?"

"நீ கேக்கவே இல்லையேக்கா. நல்லா சமாளிக்கறேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னிக்கு பஸ்லதான் தெரிஞ்சிது. எனக்குக் கோவமா வருதுடா. உன்மேலயும் வருது, என்மேலயும் வருது."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "மூணு நாளைக்கு மட்டும் சொல்லாதேடா" என்றார். "அவ திரும்பி வந்தப்புறமும் ராத்திரிக்கு இவங்க இருக்கட்டும்."

"சரிப்பா" என்றான் தம்பி. ஏன், எப்படி, பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து பார்த்தவனாயிற்றே.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்த தம்பி, மேசைமேல் கிடந்த வரைபடத்தை எடுத்தான்.

"முதல் நாள் அரண்மனைன்னு சொல்லியிருந்தேன்."

"முதல் நாள் தூங்கப்போறேன்."

"சரி. ரெண்டாம் நாள்?"

"அன்னிக்கும் தூக்கம்தான்னு நெனக்கறேன்."

முன்பென்றால் குதித்திருப்பான். இப்போது வரைபடத்தை மடிப்பு மடிப்பாகச் சிறிதாக்கி, தன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

"நல்ல ரூமாத்தான் போட்டிருக்கேன்க்கா" என்றான். "தெருச் சத்தம் வராது."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.