கம்பம் நட்ட பொறவு ஊருக்குப் போவாத ஒடியாக்காரன்

காவேரி ரொம்பி, குமாரபாளையத்துல ஆத்தோர ஊடுகளுக்குள்ளாற தண்ணி பூந்துதுங்களே, அந்த வருசந்தான் ஒடிசாவுலருந்து வந்த ஒடியாக்காரன் என்ற லைன் ஊட்டுக்குக் குடி வந்தான். பொண்டாட்டி, ஒரு கைக்கொழந்த. பவர்லூம் ஓட்டறவன். ஒரு சண்ட சச்சரவு கெடையாது. அதுதான் எனக்கு ஒப்பல. மனுசன் சண்டயே போடாம எப்பிடிங்க இருப்பான்?

எங்கூரு வெண்ணந்தூருக்குப் பக்கம். என்ற சின்ன வயசுல காடு வெச்சு வெவசாயம் பண்ற காட்டுக்காரங்க நாங்க, கூலிக்கு வாரவிங்க, தெலுங்கு பேசற நெசவுக்காரங்க, அவ்வளவுதான் ஊரு. நெசவுக்காரங்களும் எப்பவோ எங்கிருந்தோ வந்தவிங்கதான். ஊட்டுக்குள்ள அவிங்க தெலுங்குல பேசுனா, நம்மளப் பத்தித்தான் பேசறாங்கன்னு எங்கய்யன் சாகற மட்டும் சொல்லிட்டிருந்தாரு. கோயில் நோம்பிக்கு ஊட்டுக்கு ஊடு வரி வாங்குவாங்க. வரி வாங்குனாத்தான் அந்தக் குடும்பம் ஊருல ஒரு தலைக்கட்டு. நெசவுக்காரங்கள அதுல சேக்கறதுக்கே ரொம்பக் காலம் இழுத்தடிச்சாங்களாம். இப்பக் கோயில் காரியமே அவிங்க பெரியவரு ஒருத்தரு கையில. எங்க பசங்க போர் போடற ரிக் வண்டி ஏறி வடக்க போயிட்டாங்க, வடக்கத்தியான் இங்க வந்து தறி ஓட்டறான். டீக்கடையில பாதிப் பேச்சு எனக்கு வெளங்கறதில்ல.

மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிட்டா, அதப் புடுங்கற மட்டும் ஊர்க்காரன் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. போன நோம்பிக்குக் கம்பம் நட்ட மறுநாளு ஒடியாக்காரன் கையில போனோட வந்து நிக்கறான்.

“அய்யா, அம்மாக்கு ரொம்ப முடியல. ஊருக்குப் போலாமா?”

“உன்ற அம்மாளப் பாக்க என்னைய எதுக்குக் கேக்கற?”

“கம்பம் நட்டாச்சுல்ல அய்யா. நானும் இந்த ஊருதான?”

எனக்குச் சுருக்குனு ஆச்சு. போன்னா, நீ ஊர்க்காரன் இல்லேன்னு ஆவுது. போவாதன்னா, ஊர்க்காரன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆழம் பாக்கறான்னு நெனச்சு, நெசவுக்காரப் பெரியவருகிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

“வாடகைக்கு இருக்கறவனுக்கு என்னங்க காப்பு? போவச் சொல்லுங்க” அப்பிடின்னாரு அவரு.

“நீங்க என்னமோ இந்த மண்ணுலயே மொளச்சவராட்டப் பேசறீங்க” அப்பிடின்னேன்.

“உங்க காட்டுல மொத கெணறு வெட்டறப்பவே எங்காளுங்க இங்க தறி போட்டிருந்தாங்க, தெரியுமில்ல?”

நாங்க பேசறதக் கேட்டுட்டு அவன் “சரிங்க அய்யா”ன்னு நடந்துட்டான். சேலம் போயி ரயில் ஏறிருப்பான்னு நெனச்சேன். பொழுதெறங்கப் பாக்கறேன், தறியில நின்னுட்டிருக்கான்.

போவவே இல்லீங்க. அவன் பொண்டாட்டி தெனமும் மத்த பொம்பளைங்களுக்குப் பின்னால நின்னு கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனா. யாரும் வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. கம்பம் புடுங்கறதுக்குள்ள அவனப் பெத்த ஆத்தா ஊருல செத்துப்போச்சு. எரிக்கறதப் போன்லதான் பாத்தான். மொட்டையடிச்சுக்கிட்டு, எழவு ஊட்டுக்காரங்க கோயில் பக்கம் போவக்கூடாதுன்னு பொண்டாட்டியவும் நிறுத்திட்டான். இதெல்லாம் இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அங்கயும் எனக்குச் சந்தேகந்தான். பெத்தவளப் பாக்கப் போவாம நம்ம மாரியாத்தாளுக்கு ஒருத்தன் நிப்பானா? லைன் ஊட்டு மேல கண்ணோன்னு கேட்டே போட்டேன்.

“ஊட்டுக்கு இல்ல அய்யா. போயிட்டா, பாரு போயிட்டான்னு சொல்லுவீங்க. கொழந்த இங்கதான வளருது.”

நான் முழுசா நம்பல. இன்னிக்கும் நம்பல. ஆனா அதே நோம்பியில என்ற பங்காளி ஒருத்தன் சேலத்துல மச்சான் ஊட்டுல படுத்துட்டு, விடியறப்ப வந்து திருநீறு பூசிட்டு நின்னதையும் நாந்தான் பாத்தேன்.

இந்த வருச வரிக்குக் கூட்டம் போடப் போறாங்க. என்ற முட்டியோட அந்த மட்டும் நடக்க முடியாதுங்க. நீங்க அந்தப் பக்கம் போனா, நெசவுக்காரப் பெரியவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. என்ற சந்தேகம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது, ஒடியாக்காரங்கிட்டயும் தலைக்கட்டு வரி வாங்கச் சொன்னேன்னு.